எதற்கு இரண்டு மடங்கு?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் சம்பளக் கணக்கு எழுதுபவர்களுமாகக் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது இந்த ஊரில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. நேற்று வேலைக்குச் சேர்ந்த கைமடி பையனும் சொல்வான். அதைச் சொல்வதற்காக நீங்கள் என்னைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நான் பேச வந்தது அந்த இரண்டைப் பற்றி அல்ல. அந்த இரண்டால் எதைப் பெருக்குகிறோம் என்பதைப் பற்றி. ஓ.டி. தகராறுகளில் இரண்டு மடங்கா இல்லையா என்று கம்பெனி வக்கீல் வாதாடுவது அபூர்வம். "இரண்டு மடங்குதான் ஐயா கொடுத்திருக்கிறோம்" என்று ரெஜிஸ்டரை நீட்டிவிடுவார். நீட்டுவது பொய் ரெஜிஸ்டராகவும் இருக்காது. எத்தனை மணி நேரத்துக்கு, எந்தத் தொகைக்கு, எந்த எண்ணால் வகுத்து என்பதில்தான் பணம் காணாமல் போகும்.

முதலில் மணி நேரம். உங்கள் ஊர் வழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிஃப்ட். சரக்கு அவசரம் என்றால் இரவு ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் ஒன்றரை ஷிஃப்ட். சனிக்கிழமை கவரில் ஷிஃப்ட் கணக்குத்தான் எழுதியிருக்கும், மணிக் கணக்கு இருக்காது. ஒரு ஷிஃப்டுக்கு 600 ரூபாய் வாங்குகிறவருக்கு ஒன்றரை ஷிஃப்டுக்கு 900. யாருக்கும் இதில் சந்தேகம் வருவதில்லை, கூட்டல் சரியாகத்தானே இருக்கிறது. ஆனால் எட்டு மணிக்கு 600 என்றால் மணிக்கு 75. கூடுதல் நான்கு மணிக்கு 300 என்றால் அதுவும் மணிக்கு 75. இரட்டைச் சம்பளம் எங்கே போயிற்று?

2020 ஏப்ரல் 17 அன்று, ஊரடங்கு நேரத்தில், குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு விகிதாசாரக் கூலி கொடுத்தால் போதும் என்றது. அதற்கு உதாரணமும் அதிலேயே இருந்தது: எட்டு மணிக்கு 80 ரூபாய் கூலி என்றால் பன்னிரண்டு மணிக்கு 120 ரூபாய். ஒன்றரை ஷிஃப்ட்! அரசாணை போட்டுக் குஜராத் செய்த காரியத்தை நாம் ஆணை எதுவும் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறோம். அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்தது. பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தொழிலாளியின் ஓ.டி.யைப் பறிக்க முடியாது என்றதோடு, அந்த இடைக்காலத்தில் வேலை செய்தவர்களுக்கு ஓ.டி. தொகையைக் கொடுக்கவும் உத்தரவிட்டது.

இனிக் கணக்கு. முதலில் பழைய சட்டம்: தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 59. ஒரு நாளில் 9 மணிக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேல் வேலை செய்தால் அது ஓ.டி. அந்த 'அல்லது' மிக முக்கியம். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த ஒரு டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பன்னிரண்டு 72. அதில் 48 போக 24 மணி ஓ.டி. இதையே நாள் கணக்கில் பார்த்தால் தினம் 9 போக 3, ஆறு நாளுக்கு 18தான். எனவே வாரக் கணக்கு அவருக்கு லாபம். அடுத்த வாரம் அவர் ஒரு நாள் லீவு போடுகிறார். ஐந்து பன்னிரண்டு 60. வாரக் கணக்கில் 12 மணி ஓ.டி. நாள் கணக்கிலோ ஐந்து மூன்று 15. இப்போது நாள் கணக்கு லாபம். டைம் ஆபீஸில் என்ன செய்வார்கள் தெரியுமா? "ஒரு நாள் வரலையே, அதைக் கழிச்சுக்கிட்டேன்" என்பார்கள். கழிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டதற்காகத் திங்கட்கிழமை பார்த்த பன்னிரண்டு மணி நேரம் ஒன்பதாகிவிடாது. பழைய சட்டத்தில் இதை வாதாடித்தான் வாங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் நாள், வாரம் இரண்டில் தொழிலாளிக்கு எது சாதகமோ அதன்படி கணக்கிட வேண்டும் என்று பச்சையாகவே எழுதிவிட்டது. அந்தச் சட்டத்தில் நான் மனசாரப் பாராட்டும் வரிகள் அதிகமில்லை, இது அவற்றில் ஒன்று.

அந்த 24 மணிக்கு இரட்டைக் கணக்கில் 3,600 ரூபாய் வர வேண்டும். கவரில் வந்தது 1,800.

இன்னொரு விஷயமும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய சட்டப்படி ஓ.டி. சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி, மூன்று மாதத்துக்கு 50 மணி ஓ.டி. என்று உச்சவரம்பு. தனி அனுமதி வாங்கினால் மூன்று மாதத்துக்கு 75 மணி. வாரம் 24 மணி பார்க்கிற நம் டெய்லருக்கு இரண்டு வாரத்தில் 48 ஆகிவிடும். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை ராத்திரியோடு அந்தக் காலாண்டின் கோட்டா தீர்ந்தது. மீதிப் பத்து வாரம்? அதற்குத்தான் சூப்பர்வைசர் சட்டைப்பையில் இருக்கிற சின்ன நோட்டு. ஆடிட்டுக்கு வருகிற பையர் ஆட்கள் கையில் ஒரு ரெஜிஸ்டர், நிஜக் கணக்கு அந்த நோட்டில். நோட்டு என்ன மாதிரி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேருக்கு நேரே ஒன்று, ஒன்றரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று பென்சிலில் எழுதியிருக்கும். அந்த இரண்டு என்பது விடிய விடியப் பார்த்தது. வரம்பை மீறி வேலை வாங்கியது முதலாளியின் குற்றம். அந்த மீறலைக் காட்டி, பார்த்த நேரத்துக்கான ஓ.டி.யை மறுக்க அவருக்கு வழியில்லை. இதைப் பல தொழிலாளிகள் தங்கள் குற்றம்போல நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வகுக்கும் எண். ஷிஃப்ட் கூலிக்காரருக்கு இது பிரச்சினை இல்லை. மாதச் சம்பளக்காரருக்குத்தான். மாதம் 15,600 ரூபாய் வாங்குகிற ஒரு செக்கிங் அம்மா. இதை 26 நாளால் வகுத்து 8 மணியால் வகுத்தால், அதாவது 208ஆல் வகுத்தால், மணிக்கு 75 ரூபாய். 30 நாளால் வகுத்தால் 240ஆல் வகுத்ததாகும், மணிக்கு 65. இரட்டித்தால் 150க்கும் 130க்கும் இருபது ரூபாய் வித்தியாசம். பிரிவு 59 மாதச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுப்பது என்று சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் ஆள் சாஃப்ட்வேரில் எது இருக்கிறதோ அதை விட்டுவிடுவார். ஞாயிறு வேலை செய்யாத நாள், அதற்கும் சேர்த்துச் சம்பளத்தைப் பங்கிட்டால் வேலை நாளின் விலை குறைந்துபோகும். கிராஜுட்டியில் இதே தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1980இல் 26தான் சரி என்று தீர்ப்பாகி, பிறகு 1987இல் சட்டத்திலேயே ஏறியது. ஓ.டி.க்கு அப்படி ஒரு வரி ஏறவில்லை. அதனால் அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்துக்காரர்கள் '208' என்ற எண்ணை ஒப்பந்தத்தில் எழுத்தாக எழுதி வாங்குங்கள். கூலி உயர்வு சதவீதத்துக்காக விடிய விடிய உட்கார்கிறோம், இதைக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதை இரட்டிப்பது?

1948 சட்டம் "சாதாரண ஊதிய விகிதம்" என்றது. அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு அப்போது உரிமையுள்ள படிகளும் சேர்ந்தது. போனசும் ஓ.டி.யும் மட்டும் சேராது. மலிவு விலையில் கம்பெனி அரிசி பருப்பு கொடுத்தால் அந்தச் சலுகையின் பண மதிப்பையும் சேர்க்கச் சொன்னார்கள். அந்த மதிப்பைக் கணக்கிட ஒரு 'நிலையான குடும்பம்' வைத்திருக்கிறார்கள், கேளுங்கள்: தொழிலாளி, துணைவர், 14 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள். ஆண் வயிறு ஒன்று, பெண் வயிறு 0.8, பிள்ளைகளுக்குத் தலா 0.6. மொத்தம் மூன்று. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிற பெண்ணுக்கு ஆணைவிட ஐந்தில் ஒரு பங்கு பசி குறைவு என்று சட்டம் இயற்றியவர்கள் தீர்மானித்து எழுதிய வரி அது. ஆனால் கிண்டலை விடுங்கள். அரிசிச் சலுகையைக்கூட விடாமல் பணமாக்கிச் சேர்க்கச் சொன்ன சட்டம், வீட்டு வாடகைப்படியை விட்டுவிடச் சொல்லியிருக்குமா?

விட்டுவிடலாம் என்று வாதாடியது சின்னக் கம்பெனி எதுவும் அல்ல, இந்திய அரசு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில், டாங்கி செய்கிற இடத்தில், வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றை ஓ.டி. கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். அமைச்சகத்தின் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் சேர்க்கச் சொன்னதைச் சுற்றறிக்கை கழிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். குறைந்தபட்சக் கூலியைத்தான் இரட்டிப்போம் என்ற இன்னொரு வாதமும் பழையது. 1972லேயே, நாகபுரியிலிருந்து போன மமர்டே வழக்கில், உண்மையில் வாங்குகிற கூலிதான் அடிப்படை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் அந்த வாதம் தலைகாட்டுகிறது.

பீஸ் ரேட்காரர்களுக்கும் ஓ.டி. உண்டு. "அவுங்க தச்சதுக்குக் காசு வாங்கிட்டாங்களே" என்பது பதிலே அல்ல. பழைய சட்டப்படி, முந்தின மாதத்தில் அதே வேலையில் ஓ.டி. இல்லாமல் சம்பாதித்ததை, வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். 24 நாளில் 16,800 என்றால் நாளுக்கு 700, மணிக்கு 87 ரூபாய் 50 காசு, ஓ.டி. மணிக்கு 175. போன மாதம் அந்த வேலையில் இல்லாதவருக்கு, ஓ.டி. பார்த்த அதே வாரத்தின் சராசரி. கான்ட்ராக்ட் எடுத்துத் தைக்கிற பவர் டேபிள்களில் இந்தக் கணக்கு போடப்பட்டதாக நான் கேள்விப்பட்டது இல்லை.

ஆவடித் தீர்ப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது வந்தபோது, அது விளக்கிய சட்டமே வழக்கொழிந்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய 29 சட்டங்களின் இடத்தில் இவை. தொழிற்சாலைகள் சட்டமும் அந்த 29இல் ஒன்று. புதியதிலும் ஓ.டி. இரண்டு மடங்குதான். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வேலை வாங்கக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு மேல் ஓ.டி., மொத்த உச்சவரம்பு எவ்வளவு என்பதை மாநில அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். ஆகவே கோயம்புத்தூரில் ஒரு கணக்கும் பாலக்காட்டில் ஒரு கணக்கும் வரலாம்.

ஆனால் இரண்டால் பெருக்கும் தொகை மாறிவிட்டது. புதிய சட்டத்தில் 'ஊதியம்' என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வேலையில்லாக் காலத்துக்கான தக்கவைப்புப்படி. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, கமிஷன் எல்லாம் வெளியே. ஒரே ஒரு காப்பு: வெளியே வைத்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகக் கருதப்படும்.

நம் செக்கிங் அம்மாவின் சம்பளச் சீட்டைத் திறந்து பாருங்கள். பேசிக்கும் டி.ஏ.வும் 10,400. வீட்டு வாடகை 3,900. போக்குவரத்து 1,300. மொத்தம் 15,600. பழைய சட்டத்தில் முழுத்தொகையை 208ஆல் வகுத்து 75, இரட்டித்தால் 150. புதிய கணக்கில் 10,400ஐ மட்டும் வகுக்க வேண்டும், 50 ரூபாய், இரட்டித்தால் 100. அதே அம்மா, அதே மிஷின், அதே ராத்திரி, மணிக்கு 50 ரூபாய் குறைந்தது.

இன்னும் கீழே போகலாம். கெட்டிக்கார முதலாளி ஒருவர் பேசிக்கை 5,200 ஆக்கி, மிச்சம் 10,400ஐயும் படிகளில் போடுகிறார் என்று வையுங்கள். பாதி என்பது 7,800. தாண்டியது 2,600. அதை ஊதியத்தில் சேர்த்தால் 7,800. வகுத்தால் 37 ரூபாய் 50 காசு. இரட்டித்தால் 75. எழுபத்தைந்து எது? அந்த அம்மாவின் மொத்தச் சம்பளத்தின் ஒற்றை மணி விலை. ஐம்பது சதவீதக் காப்பு கடைசியில் காப்பாற்றுவது இவ்வளவுதான்: பாதியை இரட்டித்தால் முழுசு. ரெஜிஸ்டரில் டபுள், கையில் சிங்கிள். பனியன் கம்பெனி ஒன்றரை ஷிஃப்டுக்குச் சட்டப்புத்தகத்திலேயே இடம் கிடைத்தாயிற்று. குறைந்தபட்சக் கூலி ஆணை பேசிக்கையும் டி.ஏ.வையும் தனித்தனியாக நிர்ணயிக்கிற தொழில்களில் இவ்வளவு தூரம் இறங்க முடியாது என்பது உண்மை. ஆனால் இறங்கும் திசை இதுதான்.

ஏன் இரண்டு மடங்கு வைத்தார்கள் என்று யோசித்தால்தான் இதன் கேடு புரியும். 1922 சட்டத்தில் வாரம் 60 மணி, ஓ.டி.க்கு ஒன்றேகால் மடங்கு. 1934இல் வாரம் 54 மணி. அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946இல், 48 ஆயிற்று. மணி குறையக் குறைய ஓ.டி. விலை ஏறியது தற்செயல் இல்லை. ஓ.டி. தொழிலாளிக்குத் தரும் பரிசு என்று நாம் நினைக்கிறோம், தீபாவளி வந்தால் நாமே கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். சட்டம் நினைத்தது வேறு. அது முதலாளிக்குப் போட்ட பிரேக். புது ஆள் ஒருவரை எடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், லீவுச் சம்பளம், கிராஜுட்டி என்று மணிக்கு 75க்கு மேலே இன்னும் எவ்வளவோ செலவு. இருக்கிற ஆளை இன்னும் நான்கு மணி உட்கார வைக்க மணிக்கு 150 என்றால் முதலாளி புது ஆளைத் தேடுவார். 75தான் என்றால் எதற்குத் தேடுவார்? ஓ.டி.தான் அவருக்கு மலிவு.

நம் மாநிலத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நினைத்துப் பாருங்கள். 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை நேரம், வார விடுமுறை, ஓ.டி. ஆகியவற்றைப் பற்றிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொள்ளப் பார்த்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் எல்லாம் ஒரு குரலில் எதிர்த்ததும் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். பன்னிரண்டு மணி நேரம் என்ற சொல் எல்லோருக்கும் உறைத்தது, தெருவுக்கு வந்தோம். 'ஊதியம்' என்ற சொல்லின் விளக்கம் மாறியது அந்த அளவுக்கு உறைக்கவில்லை. பணம் போவதில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

கடைகளில் வேலை செய்பவர்கள் நாலைந்து பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களுக்குச் சட்டம் வேறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, இது மாநிலச் சட்டம், அப்படியே இருக்கிறது. உங்களுக்கு நாளுக்கு 8 மணி, ஒன்பதாவது மணியே ஓ.டி. ஓ.டி. சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54க்கு மேல் போகக் கூடாது. கூலி இரண்டு மடங்கு. ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு வந்து ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இறக்குகிறவர்களுக்கு நான் மேற்கொண்டு என்ன சொல்ல?

கேட்பது எப்படி என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். பழைய ஊதிய வழங்கல் சட்டத்தில் பாக்கி கேட்க 12 மாதம்தான் கெடு. புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் மூன்று வருடம். குறைத்துக் கொடுத்தார்கள் என்று மனுப் போட்டால், முழுசாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இது பெரிய விஷயம். ஆனால் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள் என்பதற்கு உங்கள் பக்கம் ஏதாவது ஒரு எழுத்து வேண்டும். சூப்பர்வைசரிடம் நோட்டு இருக்கிறது, உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். வந்த நேரம், போன நேரம், கம்பெனி வேனில் ஏறிய நேரம். ஷிஃப்டாக எழுதாதீர்கள், மணியாக எழுதுங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்கு நைட் எல்லாரும் இருக்கணும்" என்று மேனேஜர் போடுகிற மெசேஜை அழிக்காதீர்கள். சங்கத்துக்காரர்கள் ஒப்பந்தத்தில் 208ஐ எழுதச் சொன்னேன். அதோடு, ஓ.டி. மொத்தச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும் என்ற ஒரு வரியையும் சேர்த்து வாங்குங்கள். சட்டம் சொல்வது அடிமட்ட அளவு. அதற்கு மேல் கொடுக்க ஒப்புக்கொள்வதை எந்தத் தொகுப்புச் சட்டமும் தடுக்கவில்லை.

சம்பளச் சீட்டு கொண்டு வந்தவர்கள் முன்னால் வாருங்கள். முதலில் பேசிக்கையும் படிகளையும் பிரித்துப் பார்ப்போம், பிறகு வகுக்கலாம்.